தாழ்ப்பாள் உள்ள அறை

பட்டப்பகலில் சன்னலையெல்லாம் அடைத்துவிட்டு டிவியில் பேய் விளையாட்டு விளையாடும் மருமகளை இரணியல் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. தேவகனிக்கு அதுதான் தீராத கவலை. பிள்ளை பிறந்து அழாமலே போனதை ஊர் சீக்கிரம் மறந்துவிடும், மருமகளுக்குப் பேய் பிடித்ததை மறக்காது என்பது அவள் கணக்கு.

பிள்ளையை அடக்கம் செய்தபோது மகன் ஜெரிஷுக்குத் தோஹாவில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்து அவன் வந்து சேர்ந்தபோது அந்தச் சின்னக் குழியின்மேல் புல் முளைத்திருந்தது. மனைவி சுஜி அவனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த விளையாட்டுப் பெட்டியைப் போன லீவில் கொண்டுவந்தவனே அவன்தான். தோஹா கேம்ப் அறையில் வேலை முடிந்ததும் நாலைந்து பேர் ஒரே டிவியின் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து விளையாடுவார்கள். பேய் கேம்களில் ஜப்பான்காரன் காட்டும் பயம் தனி ரகம். மற்ற கேம்களில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சுட்டுத் தள்ளலாம். இதில் தோட்டா இராது, ஓடினால் மூச்சு வாங்கும், பாதி நேரம் ஒன்றுமே வராது. ஈரம் வழியும் சுவர், அணைந்து அணைந்து எரியும் விளக்கு, எங்கேயோ யாரோ எதையோ இழுத்துக்கொண்டு போகிற சத்தம். வரப்போகிறது, வரப்போகிறது என்று காக்கவைத்தே உயிரை வாங்கிவிடுவான். அந்தப் பயத்தில் வீட்டு நினைப்பு வராது. ஜெரிஷுக்கு அது பிடித்ததே அதற்காகத்தான். சுஜிக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் இப்போது வந்து பார்த்தால் அவள் விளையாடவே இல்லை. திரையில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு. அதன் நடுவில் ஒரு பெண் அசையாமல் நின்றாள். பின்னால் பியானோ மெதுவாக ஒலித்தது. சுஜி கட்டிலில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தாள். அதைப் பார்த்த ஜெரிஷ் அம்மாவிடம் போய்ச் சொன்னான்.

"நான் சொன்னப்ப நீ நம்பலியே மக்களே," என்றாள் தேவகனி. "உபதேசியார வரச் சொல்லியிருக்கேன்."

உபதேசியார் ஜான்ரோஸ் சபைப் பெண்களோடு வந்தார். கதவைத் தட்டுகிற வழக்கம் அந்த வீட்டில் ஒழிந்துவிட்டது. பிள்ளை இறந்த வாரமே தேவகனி ஆசாரியைக் கூப்பிட்டு அந்த அறையின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். மருமகள் உள்ளே பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துவிடுவாளோ என்ற பயம். போனில் கேட்டபோது "நல்லதும்மா, எடுத்திருங்க" என்று ஜெரிஷும் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் நேராகக் கட்டில்வரை வந்தார்கள். பப்பாளி தின்னியா, அசைவு நின்னது தெரியலியா, அடுத்தது எப்ப என்று கேட்டார்கள்.

பாட்டு முடிந்து ஜெபம் முடிந்தது. "அசுத்தத்த வீட்டுல வச்சுட்டு ஆசீர்வாதம் கேக்கப்படாது. ஒன் கையாலயே அழி, மகனே," என்றார் உபதேசியார்.

ஜெரிஷ் சுஜியைப் பார்த்தான். அவள் கண்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. கேமை அழித்தான், அவள் சேமித்து வைத்திருந்ததையும் சேர்த்து அழித்தான். பெண்கள் ஆமென் சொன்னார்கள். தேவகனி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள்.

எல்லோரும் போன பிறகு சுஜி கேட்டாள்: "அந்த ரூமும் போச்சா?"

"எந்த ரூம்?"

"பாட்டு கேக்கும்லா, அந்த ரூம். வெளிய எது நின்னு பிறாண்டினாலும் அதுக்குள்ள மட்டும் வராது."

"நீ பயப்படதுக்குத்தான் வெளையாடுதன்னு நெனச்சேன்."

"இங்ஙன இல்லாத பயமா?" என்றாள் அவள்.

மறுநாள் சாப்பிட்டதும் ஜெரிஷ் கேமைத் திரும்ப இறக்கினான். கேம் வந்தது, அவள் வந்து சேர்ந்திருந்த இடம் வரவில்லை. முதலிலிருந்து தொடங்கினான். எப்படியாவது அவளை அந்த அறைக்குள் கொண்டு விட்டுவிட வேண்டும், வேறெதுவும் அவனால் ஆகிற காரியமில்லை. கேம்ப்பில் சூரன் என்று பேர் வாங்கியவன்தான். இங்கே அந்த அறைக்குப் போகும் நீள நடைவழியைத் தாண்ட முடியவில்லை. இருட்டிலிருந்து பேய் வந்து கழுத்தைப் பிடித்தது. மறுபடி தொடங்கினான், மறுபடி பிடித்தது. வெட்கத்தை விட்டு அழுதான்.

"நீ வந்து காட்டித் தா சுஜி. ஒனக்கு வழி தெரியும்லா."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அங்க போய்ச் சேர எவ்வளவு பயந்தேன்னு ஒங்களுக்குத் தெரியாது. இன்னொருக்க அவ்வளவும் பயப்பட என்னால ஒக்காது," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். சாத்திய கதவு நிற்காமல் மெல்லத் திறந்துகொண்டது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன. கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வர வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.

அதற்குள் தேவகனி கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினாள். "பிள்ளே, கோட்டாத்துல இருந்து சித்தியும் மருமவளும் வந்திருக்காவ, ஒன்ன விசாரிக்க."

சுஜி எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கி, அவர்கள் உட்காரக் கட்டிலில் இடம்விட்டு நகர்ந்தாள்.