முன்கதவின் அகலம்

"கொஞ்சம் தாழ்த்திப் புடிங்கடா. நான் என்ன பஞ்சு மூட்டையா, இவ்வளவு லேசா தூக்கறீங்க?" என்றார் என் மாமியார்.

என் கணவன் ஃபெலெட்டியும் அவன் தம்பி சேமுவும் இல்லாத ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டின் முன்கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஃபெலெட்டி முன்னால், பின்பக்கமாக நடந்தபடி. சேமு பின்னால். பெட்டிக்குள் கிடப்பதாக வைத்துக்கொண்டவர் கூடத்தின் நடுவே, தேவாலயத்துக்குப் போட்ட வெள்ளை உடையோடும் தொப்பியோடும் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"திரும்பும்போது பாத்து. என் தலை செவுத்துல இடிக்கும்."

"இடிச்சா செவுருதாம்மா பாவம்" என்றான் சேமு.

அது பக்குரங்காவில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரின் கிழக்கே, விற்பனைக்கு வந்திருந்த வீடு. வாசலருகே நின்றிருந்த வீட்டு முகவர் புன்னகையை விடாமல், "சோஃபா உள்ள வருமான்னு பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றான் ஃபெலெட்டி. "பழைய சோஃபா. பயங்கர கனம். எங்க குடி போனாலும் கூடவே வருவேன்னு அடம் புடிக்குது."

மாமியாருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். கைப்பையால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். என் மகள் லாங்கி, அப்போது ஆறு வயது, விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் சமோவா ஜனங்களில் இறந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைக்குக் கொண்டுபோவதில்லை. ஒரு இரவாவது வீட்டுக்கு வர வேண்டும். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, எல்லாரும் சுற்றிலும் படுத்துக்கொள்வோம். அதனால் என் மாமியார் ஸியேனி எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் சமையலறையைப் பார்க்க மாட்டார், படுக்கையறையைப் பார்க்க மாட்டார். முன்கதவைப் பார்ப்பார். கதவைத் தாண்டியதும் பெட்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்படித் தட்டிக்கழித்த வீடுகள் பல. மாடி வீடு என்றால் காரை விட்டே இறங்க மாட்டார்.

நாங்கள் வீடு தேடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நகரின் தெற்கே மாங்கரேயில் மாமியார் வீட்டில்தான் இருந்தோம். கார் நிறுத்தும் கொட்டகையைத் தடுத்து அறையாக்கி அதில் நாங்கள் நால்வர். இரண்டாவதாகத் தோமா பிறந்த பிறகு நடக்க இடமில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, வீடு பார்க்கக் கிளம்பிவிடுவோம்.

ஃபெலெட்டி பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டினான். ஆக்லாந்தின் தெருக்களை வாசல் வாசலாகத் தெரியும். பேட்டையைத் தேர்ந்தெடுக்க அவன் வைத்திருந்த கணக்கு ஒன்றே ஒன்று. ஆள் இல்லாத வீட்டு வாசலில் காலையில் பார்சலை வைத்துவிட்டு வந்தால் சாயங்காலம் அது அங்கேயே இருக்க வேண்டும். பக்குரங்காவில் அந்தத் தெருவில் இருக்கும் என்றான். பிள்ளைகளின் சைக்கிள்கள் புல்தரையில் பூட்டாமல் கிடப்பதைக் காட்டினான்.

அவன் அம்மாவுக்கு வேறு கணக்கு. "இந்தத் தெருவுல நமக்கு யாருடா இருக்கா?"

"யாரும் இல்லம்மா. அதான் நல்லது."

"புத்தியோடதான் பேசறியா? அங்க நம்ம தெருவுல உன் புள்ள விழுந்தா தூக்க மூணு வீட்ல இருந்து ஓடி வருவாங்க."

"அவ விழுறதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லவும் மூணு வீட்ல இருந்து வருவாங்க" என்றான். "அம்மா, கொஞ்சம் வயசு வர்ற வரைக்குமாச்சும் எம் புள்ளைங்கள யாருன்னே தெரியாத எடத்துல வளக்கறேனே. அவங்க யாருன்னு அவங்களே சொல்லிக்கட்டும்."

மாமியார் திரும்பவும் முன்கதவைப் பார்த்தார். கதவு நன்றாக இருந்தது. அவரால் அதை மறுக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டோம். வியாழக்கிழமை மதியம் ஃபெலெட்டி இறந்துபோனான்.

வேனைச் சாலையோரமாக ஒழுங்காக ஒதுக்கி நிறுத்தியிருக்கிறான். பிரேக் போட்டிருக்கிறான். விளக்குகள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன. இதயம் என்றார்கள். முப்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அவனுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பை நன்றாக இருக்கிறதே, எதற்காவது ஆகும் என்று நினைத்தேன். அதுதான் நான் நினைத்தது.

அவனை மாங்கரே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கதவில் எந்தச் சிரமமும் இல்லை. முன்பு என் மாமனாரின் பெட்டியும் அது வழியாகத்தான் வந்திருந்தது. மாலை நேரங்களில் ஒவ்வொரு தேவாலயத்திலிருந்தும் பாடகர் குழு வந்தது. ஒரு குழு பாடி எழுந்ததும் அடுத்த குழு உட்காரும். உறவுக்காரர்கள் சாவு வீட்டுக்கு முறையாகத் தரும் பெரிய பெரிய பாய்களை விரித்துக் காட்டி, எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சேப்பங்கிழங்கு வெந்தது, டின் இறைச்சி வந்தது, யாரோ என் கையில் தட்டைக் கொடுத்தார்கள், யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பெட்டிக்கருகே உட்கார்ந்திருந்தேன். அழுகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல.

மாமியார் அழுதார். ஒருமுறை மட்டும், யாரையும் பார்க்காமல், "எனக்குத்தானே அளந்தேன்" என்றார்.

வீட்டை என்ன செய்வது என்று எல்லாரும் பேசினார்கள். கடன் இன்னும் உறுதியாகவில்லை, அதனால் விலகிக்கொள்ளலாம், அடக்கம் முடிந்ததும் சொன்னால் போதும் என்று வக்கீல் போனில் சொன்னார். வேண்டுமானால் கடனில் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சேமு சொன்னான். அவன் அதைச் சொன்னதும் ஃபெலெட்டியின் அத்தைமார் இருவர் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"தனியா ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு அங்க என்ன செய்வா?"

"காய்ச்சல்னா யாரு பாப்பா?"

"பேசாம இங்கயே இருக்கட்டும். கொட்டகைய இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டிடலாம்."

என்னைக் கேட்டபோது "பாக்கலாம்" என்றேன். விட்டுவிடத்தான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நான் ஒன்றும் செய்யாவிட்டால் அது தானாகவே போய்விடும் போலிருந்தது.

மாமியார்தான் வேறு பேச்சை எடுத்தார். "ஒரு ராத்திரி அவன் அந்த வீட்ல படுக்கணும். அவன் வாங்கின வீடு."

"இன்னும் நம்ம கைக்கு வரல அத்தை."

"கேட்டுப் பாரு."

முகவருக்கு நானே போன் செய்தேன். அவர் விற்பவர்களிடம் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார். அவர்கள் மிகவும் வருந்துகிறார்கள், ஆனால் கைமாறும்வரை யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று அவர்கள் வக்கீல் சொல்லிவிட்டாராம். பெட்டி என்று சொல்லவில்லை, யாரையும் என்றுதான் அவரும் சொன்னார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

"சரி" என்றார் மாமியார். "உள்ள வேணாம். வண்டி அந்தத் தெரு வழியா போகட்டும். ஒரு தடவ பாத்துக்கட்டும். பாத்துட்டு, அவனும் விட்டுடட்டும், நாமளும் விட்டுடலாம்."

அப்படித்தான் முடிவானது. தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போகும் வழி அல்ல அது. ஆற்றைத் தாண்டிப் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சவ வண்டி ஓட்டியவர் தலையாட்டினார்.

பக்குரங்காவில் அந்தத் தெரு ஒரு முட்டுச்சந்து. சவ வண்டி முன்னால் போய் அந்த வீட்டின் முன் நின்றது. அதன் பின்னால் தேவாலயத்துப் பஸ். அதற்குப் பின்னால் கார்கள் தெரு முழுக்க. இறங்கி நடைபாதையில் நின்றோம், எல்லாரும் வெள்ளையில். வீடு பூட்டியிருந்தது. வீட்டை விற்பதற்காக வாடகைக்குக் கொண்டுவந்து போட்டிருந்த சாம்பல் நிற நாற்காலிகள் சன்னல் வழியாகத் தெரிந்தன. ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. சேமு குரல் எடுப்பதற்காகத் தொண்டையைச் செருமினான்.

"அம்மா, ஒண்ணுக்கு வருது" என்றாள் லாங்கி.

"பாட்டு முடியட்டும்டி."

"இப்பவே வருது."

"அந்தச் செடிக்குப் பின்னாடி உக்கார வை" என்றார் மாமியார்.

"வெள்ளைக் கவுன் அத்தை."

அவளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். எதிர் வீட்டில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் நீளமான தோட்டக் குழாயைப் பிடித்துக் குப்பைத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். அவர் நின்ற இடத்திலிருந்து பஸ்தான் தெரியும்.

"என் பொண்ணு பாத்ரூம் போகணுங்க" என்றேன்.

"போங்க, போங்க. நேரா போயி ரெண்டாவது கதவு. கீழ பூனைக் கிண்ணம் இருக்கு, மிதிச்சுடாதீங்க."

லாங்கி உள்ளே போனாள். நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். அந்தப் பெண் பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தார்.

"வீடு பாக்கவா வந்தீங்க? இத்தன பேரா? வீணா அலஞ்சிட்டீங்களே, அது வித்துப்போச்சும்மா. போன வாரமே."

"தெரியும்" என்றேன். "நாங்கதான் வாங்கியிருக்கோம்."

என் வாய் அதைச் சொன்னது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொன்னது போல இருந்தது.

"அப்படியா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. இந்தத் தெருவுல புள்ளைங்க சத்தம் கேட்டே எத்தன வருஷம் ஆச்சு. எம் பேரு வெர்னா. ஒரு பொண்ணுதானா?"

"ஒரு பையனும் இருக்கான். சின்னவன்."

"உங்க வீட்டுக்காரரும் வந்திருக்காரா? வெளியதான் நிக்கிறாரா?"

"ஆமா" என்றேன். "வெளியதான் இருக்காரு."

லாங்கி வந்து ஈரக் கையை என் உடையில் துடைத்தாள். வெர்னா எங்களோடு நடந்து வந்தார், என் கணவனுக்கு ஒரு வணக்கம் சொல்ல. பஸ்ஸின் மூக்கைத் தாண்டியதும் சவ வண்டியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குழாய் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மூட மறந்திருந்தார். அவர் பூட்ஸ் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சேமு பாட்டை எடுத்தான். எல்லாரும் நான்கு குரலாகப் பிரிந்து பாடினார்கள். நானும் என் குரலில் பாடினேன். தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒரு சீனக் கிழவர் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். யாரும் கிட்டே வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மாமியார் கேட்டார்.

"அந்தப் பொம்பளகிட்ட என்ன சொன்ன?"

"நாமதான் வீட்ட வாங்கியிருக்கோம்னு சொன்னேன்."

"ஏன்?"

"கேட்டாங்க அத்தை."

பஸ் பின்வாங்கித் திரும்பியது. அவர் தொப்பியைச் சரிசெய்தார். பஸ் பாலத்தின் மேல் ஏறியது.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் அப்புறம். "அந்தத் தெரு முழுக்க நம்மள பாத்துடுச்சு. இனிமே போயி யாருன்னே தெரியாத ஆளுங்க மாதிரி இருக்க முடியாது." கொஞ்சம் பொறுத்து, "பாவிப்பய, அதுக்கு மட்டுந்தான் ஆசப்பட்டான்" என்றார்.

மறுநாள் வக்கீலுக்குப் போன் செய்து வாங்கிக்கொள்கிறோம் என்றேன். சேமு கையெழுத்துப் போட்டான். ஃபெலெட்டியின் வேலையிடத்திலிருந்து வந்த காப்பீடும் அதில் போயிற்று. அத்தைமார் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார்கள்.

இதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அவன் விரும்பியபடி எங்கள் பிள்ளைகள் அந்தத் தெருவில் யாரோவாக வளரவில்லை. புதுப் பள்ளிக்குப் போன முதல் நாளே லாங்கி எந்த வீட்டுப் பெண் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தோமா சைக்கிளிலிருந்து விழுந்தபோது மூன்று வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று சொன்னால் வேறு யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. வெர்னா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. மாமியார் சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு தங்குகிறார். சமையலறைக் கதவு வழியாகவே வருகிறார், அது வழியாகவே போகிறார்.

குளியலறையில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் பக்கம் மாறி வருகின்றன. முன்பு இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தானாம். மாற்றித் தருகிறேன் என்று சேமு வரும்போதெல்லாம் சொல்கிறான். நீலக் குறி போட்ட குழாயைத் திருகினால்தான் இன்னும் சுடுதண்ணீர் வருகிறது.