தள்ளிக்கொண்டு போன கார்

பிரேதம் ஏற்ற வந்த காரின் திறப்பை டிரைவர் ஜவாஹிரின் கையிலிருந்து பிடுங்கி, ராசமலர் சேலைத் தலைப்பில் முடிந்தாள். பாலையூற்றுச் செத்தவீடு ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"விசரே உனக்கு?" என்றார் சித்தப்பா செல்லத்தம்பி. "பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதுக்கு முதல் அண்ணனை எடுக்க வேணும்."

"எடுங்கோ. பதினொன்று ஐம்பது வரைக்கும் காரை ஸ்டார்ட் பண்ண ஏலாது."

வளவு முழுக்கக் கம்பி. துறைமுகத்தில் வயர்லஸ் வேலை பார்த்து இளைப்பாறிய அப்பா, துணி காயப்போடும் கொடிபோல நாலு வருடமாக இழுத்துக் கட்டியது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் காற்றை அளக்கிறேன் என்பார். இடபராசியிலிருந்து வரும் வானொலி அலை அந்தக் காற்றைக் கடக்கும்போது மினுங்கும். காற்று அடர்ந்தால் மினுக்கமும் கூடும். சூரியன் அந்தப் பக்கம் போவது ஆனியில்தான். அந்த ராசி கம்பிக்கு மேலால் கடந்து முடிய இன்றைக்குப் பதினொன்று ஐம்பது ஆகும். ஒருநாள் தவறினால் அப்பா வரைந்துவந்த படத்தில் ஓட்டை விழும், அடைக்க அடுத்த ஆனி வரவேண்டும். நேற்றுப் பின்னேரம் கண்ணை மூடியவருக்கு அடுத்த ஆனி ஏது?

எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் வானொலி இரைச்சல் போதும், அத்தனை மினுக்கத்தையும் விழுங்கிவிடும்.

"செத்த பிறகும் இந்தக் கம்பிக் கூத்தோ?"

"உயிரோட இருக்கேக்க 'கம்பி விசரன்' எண்டு முதல் சிரிச்சது நீங்கள். இண்டைக்குச் சிரிக்க விடமாட்டன்."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. வந்தால் வரட்டும் என்று நின்றாள்.

ஜவாஹிர் தலையைச் சொறிந்தான். "சந்தி வரைக்கும் இறக்கம்தானே, தங்கச்சி. தள்ளிக்கொண்டு போவம். அங்க வச்சு ஸ்டார்ட் பண்ணுறன்."

அவள் முடிச்சை அவிழ்த்துத் திறப்பைக் கொடுத்தாள். பெட்டி ஏறியது. செல்லத்தம்பி ஏசிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிப் பின்பக்கத்தில் கை வைத்தார். அவர் வைத்ததும் ஊரே வைத்தது. மணல் ஒழுங்கையில் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.

பெண்கள் வாசல் படலையோடு நின்றார்கள். ராசமலர் திரும்பி அறைக்குள் போய், கம்பியில் வரும் அலையைப் பதியும் அப்பாவின் கருவியின் முன் இருந்தாள். உருளும் காகிதத்தில் பேனா நடுங்கி நடுங்கி ஓடியது. இந்த ஆனியில் இப்படி ஒருநாளும் நடுங்கியதில்லை. ஐம்பதுக்குப் பிறகும் அதை நிறுத்த மனம் வரவில்லை.

சந்திப் பக்கம் எஞ்சின் உறுமியது; திடீரென்று பேனா மேலே துள்ளி விழுந்தது. கோளாறு விழுந்தால் பக்கத்தில் நேரமும் காரணமும் எழுதவேண்டும். அவள் பென்சிலை எடுத்தாள்.

'11.53. அப்பா.'