ஜெரிக்கு வெயிட்டு ஏத்தினோம்

எங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் ஜெரிக்குப் பசி என்று சொன்னால் எவனும் நம்ப மாட்டான். ஒன்றரை வயசுப் பயல், காலையில் தத்தித் தத்தி வாசல் இறங்கினால் பொழுது சாய்கிறவரை வாய் ஓயாது. வஹாப் பாய் டீக்கடையில் டீயில் முக்கியெடுத்த பொறை ரொட்டி. பெட்டிக்கடையில் சிப்ஸ். வலை பின்னும் தங்கபுஷ்பத்திடம் இன்னொரு டீ, இன்னொரு பொறை. அவன் அம்மா ஹெப்சிபா காசிமேட்டு இறால் கம்பெனியில் எறா உரித்துவிட்டு இருட்டும் நேரத்தில் வருவாள்.

"புள்ள துன்னானா?"

"வவுறு நெறைய துன்னாம்மா!" என்று தெருவே கோரஸ் பாடும்.

பின்னே பயல் ஏன் நோஞ்சானாக இருக்கிறான்? கண்ணு பட்டிருக்கும் என்றோம். சர்ச்சில் ஜெபம் ஆச்சு, தர்காவில் தாயத்தும் ஆச்சு.

பால்வாடி ரேச்சல் டீச்சர் மட்டும் மசியவில்லை. "இந்த மாசமும் வெயிட் ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கணும். கூட நீயும் தங்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஹெப்சிபாவுக்கு முகம் செத்துப்போனது. எறா கம்பெனியில் இந்த வாரம் வராதவளுக்கு அடுத்த வாரம் இடம் கிடையாது.

தங்கபுஷ்பத்துக்குத்தான் மூளை வேலை செய்தது. "ஏறலைன்னா இன்னாடி? ஏத்திட்டா போச்சு!"

எடை போடுகிற அன்று, வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளை ஜெரியின் அரைஞாண் கயிற்றில் வரிசையாகக் கட்டினாள். மேலே தொளதொள டவுசர். பயல் அசைந்தாலே டொக்கு டொக்கென்று சத்தம். அது கேட்காமல் இருக்க நாங்கள் கைதட்டிப் பாடிக்கொண்டே போனோம். வஹாப் பாயும் டீ கிளாஸும் கையுமாகக் கூடவே வந்தார். கல்யாண ஊர்வலம் தோற்றது.

தொங்கு தராசில் ஜெரியை உட்கார வைத்ததும் முள் குபீரென்று ஓடியது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அட! என்னடி குடுத்தே புள்ளைக்கு?"

விசில் பறந்தது. ஹெப்சிபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் என்று தெரிந்தும் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். சுற்றிய சுற்றில் கயிறு அறுந்தது. டவுசரின் இரண்டு கால் வழியாகவும் குண்டுகள் கொட்டி, பால்வாடி முழுக்க உருண்டோடின. ஜெரி கைகொட்டிச் சிரித்தான். டீச்சரும் சிரித்துவிட்டார். நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே டீச்சர் கேட்டார். "சரி, இவனுக்குச் சோறு யார் ஊட்டுறீங்க?"

வஹாப் பாய் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். "ஒன் வூட்ல சோறு துன்னுட்டு வர்றான்னு நெனச்சேன்."

"அய்யோ பாய், நான் உங்க கடையில இட்லி துன்றான்னுல்ல நெனச்சிகினு கீறேன்!"

எங்களுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. டீச்சர் ஒரு அவித்த முட்டையை உரித்து ஜெரியின் கையில் கொடுத்தார். பயல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வாயில் வைக்கவில்லை. தத்தித் தத்தி வஹாப் பாயிடம் போய், அவர் கையிலிருந்த டீ கிளாஸில் முட்டையை முக்கப் பார்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பாய் கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஹெப்சிபா தரையில் உட்கார்ந்து மகனை மடியில் இழுத்துப் போட்டாள். முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு ஊட்டினாள். கடைசித் துண்டு உள்ளே போனதும்தான் நிமிர்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு டீச்சர்?"

குனிந்து ஈயக்குண்டு பொறுக்கிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் சொன்னாள். "நீ போய்ட்டு வாடி. கம்பெனில ஒன் எடத்துல நான் குந்திக்கிறேன்."