தெரிந்த ஆள்

பிரெஞ்சு எல்லையை ஒட்டிய எங்கள் சார் மாநிலத்து ஆளுக்குப் பல் வலித்தால் அவன் பல் டாக்டரைத் தேட மாட்டான். பல் டாக்டரின் மச்சானைத் தேடுவான். கூரை ஒழுகினாலும் சரி, கார் நின்றுபோனாலும் சரி, "எனக்கு ஒருத்தனைத் தெரியும், அவனுக்கு ஒருத்தனைத் தெரியும்" என்றுதான் ஆரம்பிப்போம். அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று விண்ணப்பம் நிரப்புவதெல்லாம் வெளியூர்க்காரன் வேலை. இதில் எங்களுக்குப் பெருமை வேறு. எவால்டுக்கு அந்தப் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

எவால்ட் இருபத்தெட்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். சுரங்கத்தை மூடிய பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு மண்ணில் மலிவாகக் கிடைத்த ஒரு வீட்டுக்கு மனைவி ரோஸ்விதாவுடன் குடிபோனார். சார்ப்ரூக்கன் நகரத்திலிருந்து டிராமில் அரை மணி நேரம். அவர்களுக்கு இருந்தது ஒரே பிள்ளை, மார்வின். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். அவன் சார்ப்ரூக்கனில், மலைச்சரிவில் இருக்கும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருந்தான். அவன் இறந்த அந்த வருஷம்தான் டிராம் புதிதாக எல்லை தாண்டி ஓட ஆரம்பித்திருந்தது, பையனுக்கு அதன் மேல் பைத்தியம். அதனால் அவன் கல்லில் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு டிராம் வண்டியைச் செதுக்க வைத்தார்கள். செதுக்கியவனும் எவால்டுக்குத் தெரிந்த ஆள்தான்.

எங்கள் நாட்டில் செத்தவர்களுக்கும் தவணை உண்டு. கல்லறை இடம் இருபது வருஷத்துக்குத்தான், முடிந்தால் வீட்டார் போய்க் கையெழுத்துப் போட்டு நீட்டித்துக்கொள்ள வேண்டும். போடாவிட்டால் கல்லை எடுத்துவிட்டுப் புல் விதைத்துவிடுவார்கள். போன நவம்பர் முதல் தேதி, எல்லோரும் கல்லறைக்குப் போகும் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு இருவரும் போனபோது, மார்வினின் கல்லில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. தவணை முடிகிறது, அலுவலகத்துக்கு வரவும் என்று இரண்டு வரி.

ரோஸ்விதா அதைப் படித்துவிட்டு, "திங்கக்கிழமை லீவு போட்டுட்டு நான் போயிட்டு வரேன்" என்றாள். அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள்.

"ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் லீவா? வின்ஃப்ரீட் இருக்கான்ல. அவன் மச்சான் இங்கதான் வேல பாக்கறான்."

"கையெழுத்து நாமதான போடணும்?"

"பேப்பர வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பான் பாரு" என்று சொல்லிக்கொண்டே எவால்ட் அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். பிள்ளையின் கல்லில் அது அசிங்கமாக இருந்தது அவருக்கு. மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

வின்ஃப்ரீட் சுரங்கத்தில் அவரோடு ஒரே ஷிப்டில் இருந்தவன். அடுத்த சனிக்கிழமை வின்ஃப்ரீட் வீட்டுக் கொல்லையில், மூன்று கால் இரும்புச் சட்டத்தில் சங்கிலி கட்டி நெருப்புக்கு மேல் ஆட்டிவிடும் கம்பித்தட்டில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. எவால்ட் விஷயத்தைச் சொன்னார். வின்ஃப்ரீட் தட்டை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "இவ்வளவுதானா? முடிஞ்சுதுன்னு வெச்சுக்க" என்றான். எவால்ட் கிளம்பும்போது ஒரு பெட்டி பீரை அவன் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தார். எங்கள் ஊரில் இதுதான் பத்திரம், இதுதான் முத்திரை.

வீட்டுக்கு வந்து, "முடிஞ்சுது ரோஸி" என்றார். வசந்த காலத்தில் இரண்டு முறை அவள் கேட்டாள், ஏதாவது காகிதம் வந்ததா என்று. "அவங்களே பாத்துப்பாங்க. நீ வேற" என்றார். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை.

இந்த வருஷம் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு எவால்ட் மட்டும் சார்ப்ரூக்கனுக்கு வந்தார். வருஷா வருஷம் அப்படித்தான், மற்ற நாட்களில் இருவரும் அங்கே போவதில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, களை பிடுங்கி, இலைகளை வாரிப்போடுவது அவர் வேலை. பூவும் மெழுகுவத்தியும் ரோஸ்விதாவுடையது, அது முதல் தேதிக்கு. ஒரு வாளி, பிரஷ், கத்தரி, ரொட்டிக்குள் வைத்த இரண்டு துண்டு லியோனர் சாசேஜ் எல்லாம் பையில் இருந்தன.

தண்ணீர்க் குழாயிலிருந்து மேலே ஏறி மூன்றாவது வரிசை, இடது பக்கம் ஒன்பதாவது. அங்கே புல் இருந்தது.

தப்பான வரிசைக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். குழாய்வரை திரும்பி இறங்கி மறுபடி எண்ணிக்கொண்டு ஏறினார். மூன்றாவது வரிசையே இல்லை. இரண்டாவதும் இல்லை. ஒரே சீராக இளம்புல், நடுவில் புதிதாக ஜல்லி போட்ட ஒரு பாதை. வாளியைக் கையில் பிடித்தபடி இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். எத்தனை முறை எண்ணினாலும் புல்தான்.

அலுவலகத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். பேச்சைக் கேட்டாலே வடக்கத்திக்காரி என்று தெரிந்தது. பெயரை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடினாள்.

"சார், உங்களுக்கு மூணு லெட்டர் போட்டிருக்கோம். மூணும் திரும்பி வந்திருக்கு. பழைய விலாசம் போல."

எல்லை தாண்டிக் குடிபோனதை எவால்ட் இந்த அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கவில்லை. யார் சொல்வார்கள்.

"கல்லுலயும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோமே. பாக்கலையா?"

ஸ்டிக்கர் அவர் பர்சில் இருந்தது. "பாத்தேன்மா. சொல்லி அனுப்பியிருந்தேன். என் கூட்டாளியோட மச்சான், பெர்ன்ட்னு ஒருத்தர் இங்க வேல பாக்கறாரே, அவர்கிட்ட."

அந்தப் பெண் யோசித்தாள். உள்ளே எழுந்துபோய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "அவர் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சாம் சார். இங்க யார்கிட்டயோ வாய்வார்த்தையா சொல்லியிருக்கார் போல. சொன்னாங்கன்னு ஒருத்தருக்கு ஞாபகம் இருக்கு. ஆனா எழுத்துல எதுவும் இல்ல."

யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வின்ஃப்ரீட் மச்சானிடம் சொல்லியிருந்தான், மச்சான் இன்னொருவரிடம் சொல்லியிருந்தார், அந்த இன்னொருவர் தலையாட்டியிருந்தார். எல்லோரும் நல்லவர்கள்.

"இப்ப கையெழுத்து போட்டா?"

"அந்தப் பகுதியையே மூடிட்டோம் சார். ஆனா நாங்க மண்ணத் தோண்டறதில்ல. கொழந்த அங்கதான் இருக்கான்." அவள் நல்ல பெண். கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒரு தடவ நேர்ல வந்து ஒரே ஒரு கையெழுத்து போட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும்."

"கல்லு?"

"அது பின்னாடி யார்டுல கேக்கணும்."

பின்னால் ஒரு வேலையாள் சக்கரவண்டியில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தான். எவால்ட் கேட்டதும் சாதாரணமாகச் சொன்னான்: "அந்த வரிசக் கல்லா? ஆறு வாரம் வெச்சிருந்தோம், யாரும் வரல. கோடையிலயே ஒடச்சாச்சு பெரியவரே. அந்தப் புதுப் பாதைக்குத்தான் கொட்டினோம்."

எவால்ட் பாதைக்குத் திரும்பி வந்து குனிந்து நின்றார். சிவப்புக் கல், சாம்பல் கல், கறுப்புக் கல், எல்லாம் கட்டைவிரல் அளவு. சக்கரம் மாதிரி, எழுத்து மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று கையால் துழாவினார். ஒரு மணி நேரம் துழாவியிருப்பார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு டிராம் ஏறினார். ரொட்டி பையிலேயே இருந்தது.

வீட்டில் ரோஸ்விதா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நல்லா தேச்சியா? அந்த டிராம் சக்கரத்துக்குள்ளதான் பாசி பிடிக்கும்."

"தேச்சேன்" என்றார் எவால்ட்.

சொல்வதற்கு அவருக்கு முழுசாக இரண்டு நாள் இருந்தது. சொல்லவில்லை. காலையில் காபி குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தார், அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தார், அவள் அலமாரியிலிருந்து சிவப்பு மெழுகுவத்தியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோழை என்று சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கரிச்சுவர் சரிந்தபோது மூன்று ஆட்களை இழுத்து வெளியே போட்ட மனிதர் அவர். ஒரு வாக்கியம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

முதல் தேதி டிராமில் கூட்டம். எல்லோர் மடியிலும் பூத்தொட்டி. மார்வின் எப்போதும் கேட்டு உட்காரும் முதல் வரிசை ஜன்னல் சீட் மட்டும் காலியாக இருந்தது, ரோஸ்விதா அங்கே போய் உட்கார்ந்தாள். எவால்ட் அவள் பின்னால் நின்றார். வண்டி கோளாறாகி நின்றுவிடாதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தார். எங்கள் டிராம் சில நாள் நிற்கும்தான். அன்று ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் அவள் வெள்ளைச் செவ்வந்தித் தொட்டி வாங்கினாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். "இது பெருசா இருக்கு, கல்ல மறைச்சிடும். டிராம் தெரியணும்" என்று சொல்லிச் சின்னதை வாங்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததிலிருந்து தெரிந்த முகங்கள். "அப்புறம்?" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "ஓடுது. உனக்கு?" என்று எவால்டும் சொல்லிக்கொண்டே வந்தார். குழாயைத் தாண்டியதும் புதுப் பாதை தொடங்கியது. ரோஸ்விதா அதில் நடந்தாள். எவால்ட் ஓரத்துப் புல்லில் நடந்தார்.

"பாத போட்டிருக்காங்க, நீ எதுக்கு ஈரத்துல நடக்கற? ஷூ நனையுது பாரு."

அவர் புல்லை விட்டு ஏறவில்லை. இன்னும் பத்து அடி நடந்ததும் அவள் நின்று சரிவைப் பார்த்தாள்.

அவள் எண்ணவில்லை, குழாய்க்குத் திரும்பிப் போகவில்லை. நேராகப் புல்லுக்குள் போய் ஓரிடத்தில் நின்றாள். அது சரியான இடம். மெல்ல மண்டியிட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாள்."

"வின்ஃப்ரீட்?"

"சொல்லித்தான் இருக்கான். பெர்ன்ட் ரிட்டயர் ஆயிட்டாராம். ஆபீஸ்ல..."

"நான் லீவு போடறேன்னு சொன்னேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். "ஒரு நாள் லீவு. அவ்வளவுதான் கேட்டேன்."

"ரோஸி."

"பூ வாங்கறப்ப பக்கத்துலதான நின்ன? டிராம் மறைக்கக் கூடாதுன்னு நான் தேடித் தேடி எடுக்கறேன், நீ பாத்துக்கிட்டு நிக்கற."

எவால்ட் செவ்வந்தித் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்தாள். புல் சரிவாக இருந்ததால் அது நிற்கவில்லை, இரண்டு முறை சாய்ந்தது. மூன்றாம் முறை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கல்லு எங்க இருக்கு?"

எவால்ட் வாயைத் திறந்தார். சத்தியமாக அப்போது சொல்லிவிடத்தான் திறந்தார்.

"எவால்ட்! அப்புறம்?"

பாதையில் வின்ஃப்ரீட் வந்துகொண்டிருந்தான், கையில் பூங்கொத்து, பக்கத்தில் அவன் மனைவி. மேல் வரிசையில் இருக்கும் அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எவால்ட் அவனுக்கு போன் செய்யவே இல்லை. ரோஸ்விதா மண்டியிட்டிருப்பதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த வேல ஒழுங்கா முடிஞ்சுதில்ல?"

இருபத்தெட்டு வருஷம் ஒரே ஷிப்ட். உதவி செய்தவன் கேட்டால் என்ன சொல்வது என்பது எங்கள் ஆட்களின் நாக்கிலேயே ஊறிப்போயிருக்கிறது, அதற்கு மூளை வேண்டியதில்லை.

"முடிஞ்சுது" என்றார் எவால்ட். "ரொம்ப தேங்க்ஸ்டா."

"இதுல என்ன இருக்கு" என்று வின்ஃப்ரீட் கையை ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போனான்.

ரோஸ்விதா எழுந்தாள். எவால்டை ஒரு முறை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அதில் ஒரு உறவு இருந்திருக்கும். டிராமில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மெழுகுவத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, பாதையில் ஏறி வாசலை நோக்கி நடந்தாள். அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஜல்லி நறநறத்தது. பாதையை விட்டு இறங்கி நட என்று அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். எவால்ட் பூத்தொட்டியோடு புல்லில் நின்று அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.