கொலுவில் நின்ற ராக்கெட்

குவைத்தின் மங்காஃபில் பாஸ்கர் வீட்டுக் கொலு என்றால் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு. படியில் நிற்கும் பொம்மைகளுக்காக அல்ல. படிக்குக் கீழே மணல் பரப்பி அவர் போடும் பார்க்குக்காக. ஒரு வருடம் ரயில் நிலையம், ஒரு வருடம் மீன்பிடித் துறைமுகம். 2008இல், நிலாவுக்கு நம் சந்திரயான் ராக்கெட் கிளம்பப்போகிறது என்று எங்கும் பேச்சாயிருந்ததால், மகள் ரக்ஷிதாவின் விருப்பப்படி ராக்கெட் தளம் என்று முடிவாயிற்று.

ராக்கெட்டுக்கு அவர் அலையவில்லை. ஸ்டோர் ரூமில் பழைய துணியில் சுற்றி ஒன்று இருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் பாலைவனத்தில் கிடைத்தது. குவைத்தில் எங்கே தோண்டினாலும், தோண்டுமுன் மண்ணில் பழைய குண்டு கிடக்கிறதா என்று சோதிக்க அவருடைய பைப்லைன் கம்பெனி மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தது. பழைய காசு ஏதாவது அகப்படுமா என்ற நப்பாசையில் அன்று அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருந்தார். காசு அகப்படவில்லை. வாலில் சிறகு வைத்த ஒரு இரும்பு அகப்பட்டது. பதினேழு வருடத்துக்கு முந்தைய ஈராக் சண்டையில் விழுந்த குண்டு. மூக்குப் பக்கம் மண் கெட்டித்துக் கிடந்தது. வெடிக்கவைக்கும் தலை கழன்ற வெறும் கூடு என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கார் டிக்கியில் போட்டார். ஏதோ மெஷின் பார்ட் என்று மனைவி சுசீலாவிடம் சொன்னார். கொலுவுக்கு முந்தின வாரம் உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, சில்வர் பெயிண்டும் அடித்தார்.

தெரியாத மனிதன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். பாஸ்கர் அந்தக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர். தினம் காலையில் சைட்டில் ஆட்களை நிறுத்தி, இதே இரும்பின் படத்தைத் தூக்கிக் காட்டி, "கண்டா என்ன செய்யணும்?" என்று கேட்பார். "தொடாதே, நகர்த்தாதே, அடையாளம் வை, தள்ளிப்போ, போன் பண்ணு" என்று கூட்டம் ஒப்பிக்கும். ஒப்பிக்காதவனை அவர் சும்மா விட்டதில்லை.

கொலு வெள்ளிக்கிழமை மாலை ஹால் நிறையப் பெண்கள். யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். பாஸ்கர் சுண்டல் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தபோது, கொலு பார்க்க வந்திருந்த அகிலாவின் நாலு வயது மகள் தாமரை மணலுக்குள் இறங்கி, ராக்கெட்டை இரண்டு கையாலும் கட்டித் தூக்கியிருந்தாள்.

"அங்கிள், இதோட மூக்கு உடைஞ்சுடுச்சு," என்றாள், அழுகிற குரலில்.

மூக்கு உடையவில்லை. பெயிண்ட் பூசிய மண் கட்டி பெயர்ந்து விழுந்திருந்தது. அது விழுந்த இடத்தில் பித்தளை பளபளத்தது. தலை கழன்றுபோகவில்லை, இத்தனை நாளும் மண்ணுக்குள் முழுசாக இருந்திருக்கிறது.

பாஸ்கர் தட்டைக் கீழே வைத்தார். "ஒண்ணும் இல்லடா கண்ணு. அங்கிள் திட்ட மாட்டேன். அப்படியே மெதுவா மணல்ல படுக்க வை. மெதுவா. ராக்கெட் தூங்கட்டும்."

குழந்தை படுக்க வைத்தாள். அவளை வாரி அகிலாவிடம் கொடுத்துவிட்டு, "கேஸ் லீக் ஆகுது, எல்லாரும் உடனே கீழே போங்க. செருப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். அந்த நேரத்திலும் வாயில் வந்தது பொய்தான்.

"வாசனையே வரலையேங்க," என்றாள் சுசீலா.

"போன்னா போ."

எல்லாரும் இறங்கும்போது ஒரு நிமிடம் அவர் தனியாக நின்றார். துணியில் சுற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கை நீளக்கூடச் செய்தது. தாமரை அதைக் கட்டிப் பிடித்திருந்த விதம் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு தளமாகக் கதவைத் தட்டி ஆட்களை இறக்கிவிட்டு, தெருவுக்கு வந்து போலீசுக்குப் போன் செய்தார்.

கட்டிடமே ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றது. பட்டுப்புடவையோடு வெறுங்காலில் பெண்கள், நைட்டியோடு மலையாளிக் குடும்பங்கள், கைக்குழந்தையோடு ஒரு எகிப்துக்காரர். தலைக்கவசம் போட்ட வெடிகுண்டுப் படையினர் மேலே போய், வெகு நேரம் கழித்துக் கனமான பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள்.

போலீஸ் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். எங்கே கிடைத்தது, எப்போது, யார் எடுத்தது. எல்லாவற்றுக்கும் பாஸ்கர் பதில் சொன்னார்.

"உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கிறது. உனக்கு என்ன வேலை?"

"எஞ்சினியர்," என்றார் தணிந்த குரலில்.

பக்கத்தில் நின்ற ரக்ஷிதா அப்பாவுக்கு உதவுகிறோம் என்று நினைத்தாள். "நோ அங்கிள், மை டாட் இஸ் எ சேஃப்டி ஆபீசர்," என்றாள் தெளிவாக.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். அகிலா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் நின்றாள்.

சுசீலா கிட்டே வந்தாள். "பிப்ரவரிலேர்ந்து அது நம்ம ஸ்டோர் ரூம்லயா இருந்துச்சு? அரிசி மூட்டை பக்கத்துலயா?"

ஆமென்று தலையை ஆட்டினார்.

விசாரணை முடியும்வரை வழக்கமான வேலையைப் பார் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். லீவு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். அடுத்த வாரம் காலையில் படத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் முன்னால் நின்றார். கேள்வி வாயில் வரவில்லை. பின்வரிசையில் யாரோ "சந்திரயான்" என்று முனக, நாலைந்து பேர் செருமினார்கள்.

ராமநாதபுரத்துப் பாண்டித்துரை கையைத் தூக்கினான். "சார், ஒரு டவுட்டு. சில்வர் பெயிண்ட் அடிச்சுக் கெடந்தா எப்பிடி சார் கண்டுபிடிக்கிறது?"

சிரிப்பு கிளம்பி, அவர் முகத்தைப் பார்த்து அப்படியே அடங்கியது. சிரித்தே தீர்த்திருக்கலாம் என்று பாஸ்கருக்குத் தோன்றியது.

"கண்டுபிடிக்க முடியாது, பாண்டி," என்றார். "பாத்தா வெறும் கூடு மாதிரிதான் இருக்கும். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு சின்னக் குழந்தை அதைத் தூக்கி வச்சிருந்துச்சு."

படத்தை மறுபடி உயர்த்திப் பிடித்தார். பாண்டித்துரை குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "தொடாதே," என்று தொடங்கினான். ஒவ்வொருவராக மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.