அறுபத்து மூன்றாவது உதாரணம்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் நர்சுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு பயிற்சி மையத்தில், ‘ஆங்கில மரபுத் தொடர்கள் நூற்று நாற்பது’ என்ற புத்தகத்தின் ஐந்நூறு படிகள் வந்து இறங்கின. அட்டையில் ஆசிரியர் பெயர் கிருஷ்ணகுமார். மையத்தின் உரிமையாளர் அவர்தான்.

அங்கே பாடம் நடத்தும் இசக்கிசெல்வி ஒரு படியைப் புரட்டினாள். மூன்று வருஷமாக அவள் நோட்டில் எழுதிச் சேர்த்தது அத்தனையும் அதில் இருந்தது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் ஒன்றுக்குப் பொறுப்பாக இருப்பது, ‘இன் த சார்ஜ் ஆஃப்’ என்றால் ஒருவர் பொறுப்பில் விடப்படுவது. எதைக் கடிதத்தில் எழுதலாம், எதைப் பேச்சோடு விட்டுவிட வேண்டும் என்ற குறிப்புகூட மாறவில்லை. நகரத்தில் பட்டம் என்ற இடத்தில் இன்னொரு மையம் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பாடப்புத்தகம் எழுதியதற்கு அத்தாட்சி மட்டும் கேட்டிருந்தார்கள்.

நேரே உரிமையாளர் அறைக்குப் போனாள்.

“சார், இது என் நோட்டு.”

கிருஷ்ணகுமார் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மேசை மையத்தோடது. மேசைக்குள்ள இருந்த நோட்டும் மையத்தோடதுதான், டீச்சரே.”

“எழுதின கை மையத்தோடது இல்லல்லா?”

“உங்க அப்பா இந்தக் கட்டடத்துக்குக் கம்பி கட்டின ஆளு. அவரு பேரையா முகப்புல எழுதி வச்சிருக்கு? போயி கிளாஸ் எடுங்க.”

அவளுக்குக் காது மடல் எரிந்தது. “ஒரு வரியாவது வாசிச்சுப் பாத்தீங்களா?”

“எழுதினவன்கிட்டயே கேக்கியா?”

பதினொரு மணி வகுப்புக்கு அவரே புத்தகக் கட்டோடு வந்து, முப்பத்தொரு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “ஒவ்வொரு வரியும் நான் உறக்கம் முழிச்சு எழுதினதாக்கும்.”

இசக்கிசெல்வியின் உதாரணங்கள் எல்லாம் அந்தந்த வாரம் மையத்தில் நடந்த சங்கதிகள். அப்படிச் சொன்னால்தான் மனசில் நிற்கும் என்பாள். மாணவிகளுக்கு அவை மனப்பாடம். நோட்டை அப்படியே டிடிபி கடையில் கொடுத்த கிருஷ்ணகுமாருக்கு அது தெரியாது.

மாணவி எலிசாள் எழுந்து பக்கத்தைத் தேடி எடுத்தாள். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழிலும் சொன்னாள்.

“அறுபத்து மூணு. அட் த எக்ஸ்பென்ஸ் ஆஃப். ஒண்ணைக் கெடுத்து இன்னொண்ணைச் செய்யது. உதாரணம்: பொம்பளைங்க கக்கூஸ் கதவைக் கிடப்புல போட்டுட்டு, கிருஷ்ணகுமார் சார் தன் மூஞ்சிக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சாரு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “சாருக்குப் பெரிய மனசுடீ, தன்னைப் பத்தித் தானே எழுதியிருக்காரு” என்றாள் பின்வரிசை ரேஷ்மி. “எழுபத்தொண்ணையும் வாசி. அந்த ஃபேன் கதை.”

கிருஷ்ணகுமாரின் முகம் கறுத்தது. “இது நான் எழுதினதில்ல! இவ எழுதினது. திமிரு!”

“இந்த ஒரு வரி மட்டுமா சார்?” என்றாள் இசக்கிசெல்வி.

“நூத்தி நாப்பதும் நீதான்!”

“அதை எழுதித் தாங்க.”

“தாறேன். சீட்டைக் கிழிச்சுத் தாறேன்.”

ஒரு மணிக்கு மையத்தின் முத்திரையோடு கடிதம் வந்தது. உரிமையாளரை இழிவுபடுத்தும் வாக்கியங்கள் கொண்ட அந்தப் புத்தகம் முழுவதையும் எழுதியவர் இசக்கிசெல்வி என்றும், அதனால் அன்றே அவர் பணிநீக்கம் செய்யப்படுவதாகவும் அதில் இருந்தது. அவள் இரண்டு நகல் எடுத்துக்கொண்டாள்.

பட்டம் மையத்தில் கடிதத்தைப் படித்தவர்கள் புத்தகத்தில் ஒரு படி கேட்டு வாங்கினார்கள். ஜூலை 22 அன்று அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.