என் பேருக்கு நேரே சிவப்புக் கோடு

நான் யாரிடமும் எதையும் சொல்லுகிற ஆள் இல்லை. கேட்கிறவன் எல்லாம் எதற்கோதான் கேட்கிறான். அறுபத்தேழாம் வருஷ எலெக்‌ஷனில் யாருக்கு ஓட்டு என்று பெற்ற மகனிடம்கூட நான் வாய் திறக்கவில்லை.

அப்போது சிதம்பரத்தில் ஒரு நெல் மண்டிக்கு நான் வாட்ச்மேன். மண்டிக்குப் பின்னாலிருந்த அறையில்தான் குடியிருந்தேன். முதலாளி எலெக்‌ஷனில் ஒரு ஆளை நிறுத்தியிருந்தார். அந்த ஆளுக்காக வீடு வீடாக அலைந்த சிங்காரம், ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்து வாக்காளர் பட்டியலை என் முன்னால் விரித்தான். பேருக்குப் பேர் கோடு. அவர்கள் ஆள் என்றால் நீலம், எதிராளி என்றால் சிவப்பு. என் பேருக்கு நேரே சிவப்பு.

"என்னா பாய், முதலாளி எடத்துல குந்திக்கினு செவப்புல நிக்கிற?"

"எவன்டா போட்டது? நான் எவன்கிட்டயும் ஒண்ணும் சொல்லலியே."

"எனக்கென்னா தெரியும்? கடலூர்லேர்ந்து லிஸ்ட்டு வரும்போதே இப்படித்தான் வருது. பக்கத்துல எழுதிக் கீது பாரு."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டினேன். ‘மூணு மாசமா ரேஷன்ல அரிசி இல்ல சைதுன், இவனுக்கா ஓட்டுப் போடுவேன்?’

திரும்பவும் முதலிலிருந்து கூட்டினேன். அதேதான். சைதுன் பீவி என் பெண்டாட்டி. செத்து இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவளை அடக்கின கபருக்குப் போவேன். ஸலாம் சொல்லி, துஆ ஓதி, வீட்டு விஷயம் நாலு வார்த்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருவேன். அந்த வார்த்தையை அங்கேதான் சொன்னேன். வேறெங்கும் இல்லை.

"செவப்பா இருந்தா ரூமைக் காலி பண்ணணும் பாய். முதலாளி உத்தரவு. சனிக்கெழம புது லிஸ்ட்டு வரும். அதுல மாறியிருந்தா இருந்துக்கோ."

"நீயே இப்ப மாத்திடேன்."

"ஐயே, நான் அதத் தொடக்கூடாது." சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் எங்கே போவேன்? மகன் ஒரே அறையில் ஐந்து பேரோடு கிடக்கிறான். வெள்ளிக்கிழமை கபருக்குப் போனேன். எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று முள்வேலி வரைக்கும் சுற்றிப் பார்த்தேன். வெறும் வெயில். அப்புறம் தலைமாட்டில் நின்று, முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவளிடம் முதல்முதலாகப் பொய் சொன்னேன்.

"சைதுன், என் ஓட்டு முதலாளி ஆளுக்குத்தான்." சத்தமாகவே சொன்னேன்.

சனிக்கிழமை சிங்காரம் புதுப் பட்டியலோடு வந்தான். என் பேருக்கு நேரே நீலம்.

"பொழச்சிக்கின பாய்! இரு, இங்கயே இரு."

பக்கத்தில் எழுதியிருந்ததைக் கூட்டிப் படித்தேன். நான் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘பொய்யாக இருக்கலாம். கவனிக்க.’

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். போகாவிட்டால் அதையும் எழுதுவார்கள். ஸலாம், துஆ எல்லாம் மனசுக்குள்ளேயே. உதட்டைக்கூட அசைக்கவில்லை. கிளம்பத் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால், தரையோடு தரையாக, ஓர் ஆண்குரல் கேட்டது. பழகினவன் கேட்பது போல.

"என்னா பாய், இன்னிக்கு பீவிகிட்ட ஒண்ணும் பேசலியா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேச ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.